பதினாறு படம் விழும்

ஹலோ... ஹலோ... பாப்பா? ... நான்தான், அண்ணன் பேசுறேன். ... ஆமா, ஆமா, கழுவிட்டேன். பிலிம் கழுவி முடிச்சாச்சு. ... பத்து நிமிஷம் ஆகுது. பாத்ரூம் கொடியில தொங்குது, இன்னும் தண்ணி சொட்டுது. ...

இரு, இரு. முதல்ல நீ சொல்லு. மில்லுலேருந்து வந்துட்டாங்களா? ... எத்தனை பேரு? ... சூப்பர்வைசரும் ஆபீஸ்காரரும். சாவுக்கு வந்தப்பவும் காதுல பென்சிலோட நின்னானே, அந்த வழுக்கைத் தலை சூப்பர்வைசர்தானே? ... சரி. ... நீ இப்ப எங்க நிக்கிற? ... அடுப்படியிலேயே இரு. கதவை ஒருக்களிச்சு வை. ... குடிக்கத் தண்ணி குடுத்தியா? ... குடுக்கலையா. சரி, விடு. கேட்டா குடுத்துக்கலாம்.

பேப்பரை மறுபடி படிச்சுக் காட்டினாங்களா? ... ம். ... ம். அதே வரிதானா? "உருளைக்கு மேல இருந்த இரும்பு மூடியை இறந்தவரே தன் இஷ்டத்துக்குக் கழட்டிட்டு வேலை செஞ்சார்." ... அந்த வரியை எடுக்க முடியாதாமா? ... ஓகோ. கையெழுத்து போட்டாத்தான் குவார்ட்டர்ஸ்ல இருக்க விடுவாங்களா. அதுவும் பெரியவளோட பரீட்சை முடியிற வரைக்கும். ... ரொம்பப் பெரிய மனசு.

எப்ப வரைக்கும் டைம்? ... பதினொண்ணா. இப்ப பத்தே முக்கால். ...

படமா? சொல்றேன். ... சொல்றேம்மா, அதுக்குத்தானே போன் போட்டேன். நீ கொஞ்சம் அப்படி உக்காரு. ... சரி, நின்னுட்டே கேளு.

அந்தக் கேமரா இருக்குல்ல, நேத்து மில்லுக்காரன் திருப்பிக் குடுத்த சாப்பாட்டுப் பையில இருந்துச்சே, நீ என் கையில எடுத்துக் குடுத்தியே. அது ஜெர்மன்காரன் செஞ்சது. ரெண்டாவது உலகச் சண்டைக்கும் முன்னாடி. வாய்க்ட்லேண்டர்னு கம்பெனி, பெஸ்ஸான்னு மாடல். ... தெரியும், உனக்கு அது தேவையில்ல. இருந்தாலும் கேளு. அப்ப அங்க ஆளாளுக்கு இந்த மடக்குக் கேமராவைத்தான் போட்டான். ஜெய்ஸ் ஐக்கான்னு ஒருத்தன், அதுவே நாலு கம்பெனி ஒண்ணு சேந்தது, அவன் ஐகான்டா போட்டான். அதுலயே தூரத்தை அளக்குற கண்ணாடி வெச்சா சூப்பர் ஐகான்டா. அவ்வளவு காசு இல்லாதவனுக்கு நெட்டார். அக்ஃபாகாரன் ஐசலெட்டுன்னு ஒண்ணு, அது சதுரமா எடுக்கும். எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாடைதான். பட்டனை அமுக்கினா முன்கதவு திறந்து, தோல் துருத்தி விரிஞ்சு, லென்ஸ் முன்னாடி வந்து நிக்கும். மடக்கினா...

... இல்லம்மா. ... இல்ல, கடைக்கு வந்த ஆள்கிட்ட பேசுற மாதிரி பேசல. ... சரி, தலையைச் சுத்தித்தான் மூக்கைத் தொடுறேன், ஒத்துக்கிறேன். என்னால நேரா தொட முடியல.

ஏன் சொல்றேன்னா, மில் கேட்டுல செல்போனை வாங்கி வெச்சுக்கிறான்ல? அதனாலதான் மாப்பிள்ளை என் கடைக்கு வந்தாரு. "மச்சான், பாத்தா கேமரா மாதிரியே இருக்கக் கூடாது, அமுக்கினா சத்தமும் வரக் கூடாது, அப்படி ஒண்ணு குடுங்க"ன்னாரு. மடிச்சு சாப்பாட்டுப் பையில போட்டா மூக்குக் கண்ணாடிக் கூடு மாதிரி கெடக்கும். அமுக்கினா நகம் வெட்டுற சத்தம்தான். அந்த மெஷின் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? ... ஆமா, உன்கிட்ட சொல்ல வேண்டாம்னாரு. நீ பயப்படுவியாம். மூடி இல்லாமலே உருளையை ஓட்டச் சொல்றாங்க மச்சான், என்னைக்காவது ஆளையே உள்ள இழுத்துரும், வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டான், படமா இருந்தா மேலிடத்துல குடுக்கலாம்னாரு. ...

ஆமா. எடுத்திருக்காரு. முழு பிலிமும் எடுத்திருக்காரு. ... பொறு. சந்தோஷப்படாதே, பொறு.

... சொல்லிடறேன். குறுக்கப் பேசாம கேளு.

அந்தக் கேமராவுக்குப் பின்னாடி ரெண்டு சின்ன சிவப்புக் கண்ணாடி இருக்கும். கண்ணு மாதிரி. பிலிமை சுத்தச் சுத்த நம்பர் அதுல வந்து நிக்கும். அதே கேமராவுல பெரிய படமாவும் எடுக்கலாம், பாதிப் படமாவும் எடுக்கலாம். பெரிசுன்னா எட்டு விழும். அதுக்கு ஒரு கண்ணை மட்டும் பாத்து சுத்தணும். பாதின்னா பதினாறு விழும். அதுக்கு ஒவ்வொரு நம்பரையும் ரெண்டு கண்ணுலயும் நிறுத்தி நிறுத்தி எடுக்கணும். ஆனா பாதிப் படம் எடுக்கணும்னா உள்ள ஒரு தகரச் சட்டம் மாட்டியிருக்கணும். அதுதான் பாதியை மறைக்கும். ... புரியுதா? ... ம்.

நிறைய எடுக்கணும்னாரு. நான்தான் சொன்னேன், பதினாறு படம் விழும் மாப்பிள்ளை, ரெண்டு கண்ணையும் பாத்து சுத்துங்கன்னு. பிலிமும் நானே போட்டுக் குடுத்தேன். அவரு நான் சொன்ன மாதிரியேதான் சுத்தியிருக்காரு. ஒரு இடத்துல கூடப் பிசகல. ...

சட்டம் உள்ள இல்ல, பாப்பா.

... யாரு எடுத்தாங்களா? ... நான்தான்.

குடுக்குறதுக்கு முந்தின நாள் துருத்தியில ஓட்டை இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்தேன். சட்டம் மறைச்சுச்சு. கழட்டி மேசை டிராயர்ல வெச்சேன். அப்புறம் யாரோ வந்தாங்க, ஏதோ பேசினோம், மறந்துட்டேன். இந்தா, இப்ப என் கையில இருக்கு. தீப்பெட்டி எடை கூட இல்ல. ...

அதனாலயா? அதனால ஒவ்வொரு படமும் முழுசா விழுந்திருக்கு, ஆனா நகந்தது பாதிதான். இந்தப் படத்தோட பாதி மேல அடுத்த படம். அதோட பாதி மேல அதுக்கடுத்தது. மெஷின் மேல மெஷின், சுவத்து மேல உருளை, எவனோ ஒருத்தன் கைக்குள்ள விளக்கு எரியுது. தலையும் புரியல, வாலும் புரியல. ...

மூடியா? ... இருக்குற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. இதைக் கொண்டு போய் எவன் முன்னாடி வைக்க முடியும்? சிரிப்பான். ...

எல்லாமேதான்மா. ... ஆமா, பதினாறுமேதான். நான் மேலேருந்து ஒரு ஏழெட்டு பாத்தேன், அதுக்கு மேல என்னால பாக்க முடியல. ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா கடைசி வரைக்கும் ஏறத்தானே செய்யும், இதுல பாக்க என்ன இருக்கு? முதல் படம் மட்டும் பாதி தெளிவா இருக்கு. அது மில்லு இல்ல, உங்க வீடு. நம்ம சின்னவ, குட்டி, முன்பல்லு இல்லாம சிரிக்குது. கேமரா வேலை செய்யுதான்னு எடுத்துப் பாத்திருப்பாரு. ...

பாப்பா? ... இருக்கியா? ...

திட்டு. ... இல்ல, நல்லாத் திட்டு, கேட்டுக்குறேன். ... ஆமா. ... ஆமா. முப்பது வருஷமா இதே தொழில்தான். ... ஆமா, கண்ணு பொட்டையாப் போயிருந்துச்சு. ... சரி.

ஒண்ணு சொல்றேன். இந்த போனைப் போடுறதுக்கு முன்னாடி, பிலிம்ல ஒண்ணுமே விழலைன்னு சொல்லிடலாமான்னு நினைச்சேன். அவருக்கு சரியா எடுக்கத் தெரியலைன்னு. நீயும் நம்பியிருப்ப. ஏற்கனவே ஒருத்தன் அவர் மேல பழியை எழுதி எடுத்துட்டு வந்து உன் வீட்டு நாற்காலியில உக்காந்திருக்கான். நானும் அதையே செய்யணுமான்னு தோணுச்சு. அதான் சொல்லிட்டேன். ...

என்ன பண்றதா? ... என்னைக் கேட்டா... நான் எந்த மூஞ்சியை வெச்சு சொல்றது? ... மூணு வாரம் கையெழுத்து போட மாட்டேன்னு நின்ன. நான் படம் இருக்குன்னு சொன்னதுனாலதான் இன்னைக்கும் நிக்கிற. இப்ப நம்ம கையில ஒண்ணும் இல்ல. வெறுங்கை. நாளைக்கே காலி பண்ணுன்னா ரெண்டு பொண்ணுங்களைக் கூட்டிட்டு எங்க போவ? என் கடை மாடி ஒரே ரூம், மழை வந்தா ஒழுகும். பெரியவளுக்குப் பரீட்சை வேற. ...

ம். ... அவரு தப்பு இல்லைன்னு நமக்குத் தெரியும்ல. அது போதும்னு வெச்சுக்க வேண்டியதுதான். ... போதாதுதான். எனக்கும் போதல. ...

போட்டுடும்மா. ... ஆமா, நான்தான் சொல்றேன். போட்டுட்டு வா. ... கட் பண்ணாதே, போனை அப்படியே வெச்சுட்டுப் போ. நான் லைன்லயே இருக்கேன். ...

...

...என்னமோ பேசுறாங்க. ... நாற்காலி இழுக்குற சத்தம். ...

இந்தப் பாழாப் போன தகரம். ... குட்டி சிரிப்பு மட்டும் எப்படித் தெளிவா விழுந்துச்சு? ... அதுக்கு முன்னாடி படம் இல்ல, அதனால. அந்தப் பாதி மேல ஏற ஆளில்ல. ...

அப்ப கடைசி...

கடைசிக்கு அப்புறமும் படம் இல்லையே. பதினாறுக்கு மேல ஏற பதினேழு ஏது? ... அட முட்டாளே. ...

பாப்பா, இரு, ஒரு நிமிஷம். ... லைட் எங்க... கீழ நுனியில கிளிப் மாட்டியிருக்கேன், சுருண்டு கெடக்கு. ... ஈரமா இருக்கு. ... தலைகீழா இருக்கு, திருப்பு. ...

ஐயோ.

பாப்பா. ... பாப்பா, போடாதே. கையெழுத்து போடாதே. ... ஹலோ, யாராவது போனை எடுங்க. ... பாதிப் படம் இருக்கு, தெளிவா இருக்கு. உருளை தெரியுது. மேல மூடி இல்ல, மூடி மாட்டுற ரெண்டு போல்ட் ஓட்டையும் வெறுமனே இருக்கு. உருளை கலங்கலா இருக்கு, ஓடிட்டிருக்கு. சுவத்துப் பலகையில தேதி எழுதியிருக்கு, அவரு போறதுக்கு ஆறு நாள் முன்னாடி. பக்கத்துல ஒருத்தர் கையைக் கட்டிட்டு அதையே பாத்துட்டு நிக்கிறாரு. காதுல பென்சில். வழுக்கைத் தலை, நெகட்டிவ்ல கறுப்பாத் தெரியுது. அந்த ஆளுதான், பாப்பா. இப்ப உன் முன்னாடி உக்காந்திருக்கானே அந்த சூப்பர்வைசர்தான். ... குட்டி, நீயாவது எடுடா கண்ணு, அம்மாவைக் கூப்பிடு. ... ஹலோ... ஹலோ...

கதவு சத்தம். ... வண்டி கிளம்புது. ...

...ஹலோ? ... பாப்பா? ... ம். ... போட்டுட்டியா. ...

ரெண்டு இடத்துலயா. ... சாட்சிக்கு? ... பக்கத்து வீட்டுக்காரம்மாவா. ... சரி. ... சரிம்மா.

அழுறியா? ... அழலையா. ... ம். ... ம், ம். இனிமே எவனும் வந்து கதவைத் தட்ட மாட்டான். ஆமா. ... மூணு வாரமா கண்ணை மூடலையா. எனக்குத் தெரியாதே. ... படுக்கணும் போல இருக்கா. படு. பெரியவ ஸ்கூல்லேருந்து வர்றதுக்குள்ள கொஞ்சம் படு. ... பெரியவகிட்ட நான் சொல்லிக்கிறேன். ... இல்ல, தப்பு இல்ல. ... நீ பண்ணது தப்பு இல்ல, பாப்பா. நான் சொல்லித்தானே போட்ட.

... என்ன? ... நானா கத்தினேன்? ... ஓ, அதுவா. ... பாத்ரூம்ல வழுக்கிட்டேன். ஈரமா கெடந்துச்சு. ... அடியெல்லாம் இல்ல. ...

படத்துலயா? ...

... இல்லம்மா. ஒண்ணும் இல்ல. பதினாறும் அதே கதைதான். ...

பிலிமையா? ... தூக்கிப் போடணுமா. ... ம். ... ஆமா, வெச்சிருந்தா பாத்துப் பாத்து வயிறு எரியும், நீ சொல்றது சரிதான். ... குட்டி சிரிக்குற அந்தப் பாதியை மட்டும் வெட்டித் தரவா? ... ஆமா, அவங்க அப்பா எடுத்தது. ... சரி, பெரிசாவே போட்டுத் தர்றேன். ... மீதியைப் போட்டுடறேன். ... ம். ... சரி.

நீ வை. ... இல்ல, நீ முதல்ல வை. ... ம். ...

... வெச்சுட்டியா?

... பாப்பா?

...

மூடி இல்லம்மா. மாப்பிள்ளை மேல தப்பே இல்ல.