மலிஞ்ச ட்ரிகர்

ஏவன்டேல் ஞாயிறு சந்தை முடிந்து ரயிலில் ஏறினேன். எதிர் இருக்கையில் ஐம்பதைக் கடந்த ஒரு யாழ்ப்பாணத் தம்பதி. நடுவில் கீரைப் பை. கணவர் கைபேசியில் எதையோ மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“துவக்கில ஒரு பிழையும் இல்லை. உங்கட விரலிலதான் பிழை.”

துவக்கு என்றால் துப்பாக்கி. நான் என் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

“இல்லையப்பா, எங்கட செமி ஓட்டோ துவக்கின்ர ட்ரிகர் சரியான இறுக்கம். வேற வாங்கி மாத்தத்தான் வேணும். இஞ்ச பாரும், இது மலிவு. மற்றது ரெண்டு மடங்கு விலை.”

“நேற்று அதே துவக்காலதான் நான் மூண்டு முயல் சுட்டனான். நீங்கள் சுட்டது வேலிக்கட்டை.”

“காத்து அடிச்சது.”

“எனக்கு அடிக்காத காத்தோ? துவக்கு லைசென்சுக்கு விசாரிக்க வந்த பொலிஸ் மனிசி, உங்கட மனுசனால ஆருக்கும் ஆபத்தோ எண்டு கேட்டவ. வேலிக்கு மட்டும் எண்டு சொல்லியிருக்க வேணும்.”

கணவர் சிரித்துவிட்டார். ஆனால் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மனைவி விடவில்லை:

“ட்ரிகர் மாத்தினால் முயல் கிட்ட வந்து நிக்குமோ?”

“எனக்கில்லை, உமக்குத்தான் பாக்கிறன். நேற்று வரேக்க வழி முழுக்க விரலைத் தடவிக்கொண்டு வந்தீர். இது லேசா இழுபடுமாம்.”

மனைவி கைபேசியைத் தன் பக்கம் திருப்பினார்.

“எனக்கெண்டால் ஏன் மலிஞ்சதைப் பாக்கிறியள்? மற்றதைக் காட்டுங்கோ.”