நாற்காலியை மாற்றி உட்காருங்கள்

புருஷன் பெண்டாட்டி சேர்ந்து சிரிப்பதைப் பார்ப்பதென்றால் எனக்குக் கொள்ளை ஆசை, சார். தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலுக்கு நான் வந்ததே அதற்காகத்தான்.

இந்தத் தையல்காரரும் அவர் மனைவி நர்ஸம்மாவும் முதல் நாள் என் அறைக்குள் எலியும் பூனையுமாகத்தான் நுழைந்தார்கள்.

“ஊருக்கே அளவெடுக்கிறாரும்மா. நான் பாதியா இளைச்சது மட்டும் இவர் கண்ணுல படல.”

“நின்னாத்தானே அளவெடுக்க? டியூட்டி முடிஞ்சு வந்தா, செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவா.”

நாற்காலியை மாற்றி உட்காரச் சொன்னேன். அவர் அவளாகப் பேச வேண்டும், அவள் அவராக. அது என் வழக்கமான முறை. அவர் குரலை மெலிதாக்கி, “என்னங்க, நான் சாப்பிட்டேனான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்று ஆரம்பித்தார். அதற்குள் அவருக்கே கண் கலங்கிவிட்டது. அவள் சிரித்தாள், அழுதாள், ஊசி குத்திக் காய்த்துப்போன அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாடிப்படியில் பாடிக்கொண்டே இறங்கினேன்.

ஆனால் குணமானவர்கள் திரும்பி வருவதில்லை. இந்தத் தொழிலில் அது ஒன்றுதான் குறை.

ஆகவே தனித்தனியே ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அழைத்தேன். அவரிடம், “உங்க மனைவி எங்கிட்ட சொன்னதை நான் வெளியில சொல்லக் கூடாது. நீங்க மனசைத் திடமா வெச்சுக்குங்க,” என்றேன். அவள் சொன்னதெல்லாம், அவருக்கு நீலச் சட்டை எடுப்பாக இருக்கும் என்பதுதான். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை, சார்.

வாரம் திரும்புவதற்குள் சண்டையோடு வந்தார்கள். மறுபடி நாற்காலி, மறுபடி கண்ணீர், முன்னிலும் இனிப்பான சிரிப்பு. அடுத்த முறை அவரிடம் அதே வார்த்தைகளோடு ஒரு பெருமூச்சையும் சேர்த்துக்கொண்டேன்.

இம்முறை என்னிடம் வராமல் வீட்டு மாடிப்படியிலேயே பேசித் தீர்க்கப் பார்த்திருக்கிறார்கள். “யாருடி அவன்?” என்று கேட்டாராம். இல்லாதவன் பெயரை அவள் எப்படிச் சொல்வாள்? தள்ளிவிட்டார். அந்த ‘அவனை’ உண்டாக்கியது நான்தான். ஒத்துக்கொள்கிறேன்.

நர்ஸம்மா இன்னும் கண் திறக்கவில்லை என்கிறீர்கள். திறந்ததும் அவரை லாக்கப்பிலிருந்து அரைமணி நேரம் வெளியே விடுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலை ஒட்டி நாற்காலியை நானே போடுகிறேன். இவ்வளவு பெரிய விரிசலுக்கு அப்புறம் சேர்ந்தால் எவ்வளவு அழகாக இருக்கும், நினைத்துப் பாருங்கள். எனக்கு இப்போதே சிரிப்பு பொங்குகிறது, சார்.