மருந்துச் சீட்டின் தேதி பற்றி நான் சொல்வது

ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துகள் ஒரே அளவில் நிற்கவில்லை. சில கோட்டுக்கு மேலே ஏறியும் சில கீழே இறங்கியும் இருக்கின்றன. நான் எழுதப் படிக்கக் கற்று இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. வழக்கம்போல் தாமே எழுதிக்கொள்வதாக நிலைய எழுத்தர் சொன்னார். என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று நான் கேட்டுக்கொண்டேன். "நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன் பெரியவரே" என்றார். ஆனாலும் தாளும் பேனாவும் தந்து சன்னலோர பெஞ்சில் உட்காரவைத்தார். நேற்றுக் காலை தொடங்கினேன், இன்று இரண்டாம் நாள். முதல் பக்கம் என் எழுத்தால் நிறைந்தபோது, வந்த காரியத்தை மறந்து சற்று நேரம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் பெயரையும் தகப்பனார் பெயரையும் எழுத்தர் மேலே கட்டங்களில் நிரப்பியிருக்கிறார். படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கின்றன. வயது 67. மனைவி காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில், மூன்றாம் மாடி எட்டாம் எண் வீட்டில், மகளோடும் மருமகனோடும் வசிக்கிறேன். குளிர்பதனக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் மூட்டை தூக்கி, பிறகு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன்.

சென்ற மாதம் 24ஆம் தேதி தங்கள் முன் வாய்மொழியாக நான் ஒன்று சொன்னேன். டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடைக்காரரே மாத்திரையை எடுத்துக் கொடுத்தார் என்று சொன்னேன். அது பொய். நடந்ததை வரிசையாகக் கீழே எழுதுகிறேன்.

என் மகளுக்கு வயது 36. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் வேலை செய்கிறாள். ஐந்து வருடங்களுக்கு முன் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, இரண்டு வருடம் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்து வந்தோம். அதன் பிறகு என் இடது சிறுநீரகத்தை எடுத்து அவள் அடிவயிற்றில் வலது பக்கம் வைத்தார்கள். ஆபரேஷன் மேசையில் இருக்கும்போதே சிறுநீர் வந்துவிட்டது என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு மகள் அந்த இடத்தைத் தடவிக்கொண்டு, "உங்கள மாதிரியே இருக்குப்பா, ஒரு நாள் கூட லீவு போட மாட்டேங்குது" என்பாள்.

ஒன்பது மாதம் கழித்து, ஒரு மதியம் அவளுக்குப் பல் கிட்டிப்போகும்படி குளிர் வந்து, காய்ச்சல் ஏறி, சிறுநீர் கலங்கிப்போய், என் சிறுநீரகம் இருக்கிற இடத்தில் தொட முடியாத வலி வந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் சிறுநீரை எடுத்துக் கல்ச்சர் என்ற பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அதில்தான் தெரியுமாம். முடிவு வர மூன்று நாள். அதுவரை ஊசியில் ஒரு மருந்து, முடிவு வந்ததும் வேறு மருந்து, அதன் பிறகு மாத்திரை, மொத்தம் பதினான்கு நாள். உடம்பு மாற்றுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் இருக்க அவள் போடுகிற மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவைப்பதால், இப்படித் தொற்று திரும்பத் திரும்ப வரலாம் என்றார்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வேண்டும், அடக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வர வேண்டும், சிறுநீர் கொடுக்கும் முன் எந்த மாத்திரையும் கூடாது. இதை நர்ஸ் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் என் காதில் விழுந்தது.

டிக்கெட் கவுன்டரில் வரிசை முடிந்தால்தான் எழுந்திருக்க முடியும், வரிசை முடிவதில்லை. அதனால் என் மகள் தண்ணீரைக் குறைத்துக்கொண்டாள். இதைத் தகவலுக்காக எழுதுகிறேன். இது என் குற்றத்தைக் குறைக்காது.

இந்த வருடம் இரண்டாம் மாதக் கடைசியில் இரண்டாம் முறை தொற்று வந்தது. முன்போலவே சிகிச்சை செய்து, மீதி நாட்களுக்கு மாத்திரை எழுதி 11-3 என்று தேதியிட்ட சீட்டோடு அனுப்பினார்கள். அதற்குள் நான் தொழிற்சங்க வாசக சாலையில் பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தேன். வீட்டில் நான் முதன்முதலாக முழுசாகப் படித்தது அந்த மாத்திரை அட்டையில் இருந்த பெயரைத்தான். மகள் சீட்டை வைத்துச் சரிபார்த்து, "சரிப்பா" என்றாள். அன்று முதல் மாத்திரைப் பெட்டி என் பொறுப்பு ஆயிற்று. காலை எட்டு, இரவு எட்டு. ஒரு நாளும் தவறியதில்லை. மருமகன் வேலைக்குப் புறப்படும்போது, "டாக்டர், எனக்குத் தலைவலி, ஏதாச்சும் பாத்துக் குடுங்க" என்று கேலி செய்வார். எனக்கு அது பிடித்திருந்தது.

19-5 அன்று மூன்றாவது முறை காய்ச்சல் வந்தது. இன்னொரு தடவை விடுப்பு எடுத்தால் கவுன்டரில் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று மேலாளர் சொல்லியிருந்த நேரம் அது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவள் அழுதாள். போன் போட்டுக் கேட்கிறேன் என்று நான் கீழே இறங்கிப் போனேன். போன் போட்டேன் ஐயா, ஆனால் எதிர்முனையில் காத்திருக்கச் சொல்லும் குரல்தான் வந்தது. காத்திருக்காமல் வைத்துவிட்டேன்.

அப்போது என் மனதில் இருந்ததை எழுத வேண்டும். எங்கள் கிடங்கில் பெட்டிகள் மேல் குறி போட்டிருக்கும். முக்கோணம், இரட்டைக்கோடு, வட்டம் என்று. குறி ஒன்றானால் சரக்கும் ஒன்று, பிரித்துப் பார்ப்பது வேலைக்கு ஆகாது. முப்பத்தொரு வருடம் அப்படித்தான் இறக்கினேன், ஏற்றினேன், ஒரு பெட்டி மாறியதில்லை. என் மகளுக்குக் குளிர் அதேதான், வலி அதேதான், சிறுநீரின் நிறம் அதேதான். எனவே கிருமியும் அதேதான், மருந்தும் அதேதான் என்று முடிவு செய்தேன். பிரித்துப் பார்க்கத்தான் கல்ச்சர் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு பழைய சீட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். மூன்று வருடமாக மகளுக்கு அங்கேதான் மருந்து வாங்குகிறோம். கடைக்காரர் சீட்டைப் பார்த்து, "இது ரெண்டு மாசப் பழசாச்சே. டாக்டரம்மாவக் கேட்டீங்களா?" என்றார். கேட்டேன் என்றேன். அதை நம்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, "அதே மாத்திரையப் போடச் சொல்லிட்டாங்கம்மா" என்று மகளிடம் சொன்னேன். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் அவள் வேலைக்குப் போனாள். ஐந்தாம் நாளோடு நிறுத்தி, மீதி ஒன்பது மாத்திரையை அடுத்த தடவைக்கு ஆகும் என்று பெட்டியில் எடுத்துவைத்தேன். அந்த வாரம் முழுவதும் நான் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

2-7 அன்று நான்காவது முறை. எடுத்துவைத்த ஒன்பதைக் கொடுத்து, அதற்கு மேல் வாங்கவும் போனேன். கடைக்காரர் கொடுத்தார், ஆனால், "இதான் கடைசி. அடுத்த தடவ புதுச் சீட்டு இல்லாம வந்தீங்கன்னா தர மாட்டேன். உங்க பொண்ணு உடம்பு மத்தவங்க உடம்பு மாதிரி இல்ல" என்று சொன்னார். இதை அவர் சொன்னார் என்பதைத் தயவுசெய்து வழக்கில் சேர்த்துக்கொள்ளவும். அந்த முறை காய்ச்சல் விட ஆறு நாள் ஆயிற்று.

12-8 அன்று ஐந்தாவது முறை வந்தது. மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "போன் பண்ணிக் கேளுங்கப்பா" என்றாள். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். சீட்டில் 11-3 என்று நீல மையில் இருந்தது. அதே நிறப் பேனா வகுப்புப் பையில் இருந்தது. மூன்றின் இடது பக்கம் இரண்டு வளைவு போட்டு எட்டாக்கினேன். பழைய தாளில் இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். கடைக்காரர் தேதியைப் பார்த்து, "இப்பத்தான் ஒழுங்கா செஞ்சிருக்கீங்க" என்று சொல்லி, தம் பதிவேட்டில் 11-8 என்று குறித்துக்கொண்டு மாத்திரை கொடுத்தார். நான் எழுதியதை இன்னொருவர் படித்து நம்பியது அதுதான் முதல் தடவை.

மாத்திரை கேட்கவில்லை. மூன்றாம் நாள் வாந்தி எடுத்தாள். சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கப் போடுகிற எட்டு மணி மாத்திரைகளும் அதோடு வெளியே வந்தன. நான் யாரிடமும் சொல்லவில்லை. 16-8 காலை அவளால் எழுந்திருக்க முடியவில்லை, சிறுநீரும் அநேகமாக நின்றுவிட்டது. மருமகன் அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, தாம் சரக்குக் கொண்டுபோகும் வேனிலேயே படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் பின்னால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

அதன் பிறகு வார்டு வாசலில் டாக்டரம்மா, "வீட்ல ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா? மறைக்காம சொல்லுங்க, அதப் பொறுத்துதான் இப்ப மருந்து" என்று கேட்டார். மருமகன் என் பக்கத்தில் நின்றிருந்தார். இல்லை என்று சொன்னேன். அதை நம்பி, வழக்கமாகக் கொடுக்கும் ஊசியைத் தொடங்கினார்கள். இரண்டரை நாள் வீணாயிற்று. கல்ச்சர் முடிவு வந்தபோது, அரைகுறையாகப் பல தடவை மருந்து பார்த்துப் பழகிய கிருமி, ஒரே ஒரு மருந்துக்குத்தான் அடங்கக்கூடும், அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்று சொன்னார்கள்.

24-8 அன்று மருமகன் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது பெட்டியில் காலி அட்டைகளைப் பார்த்தார். "இத யார் மாமா குடுத்தது?" என்று கேட்டார். கடைக்காரர் என்றேன். மருமகன் நேராக இங்கே வந்து புகார் கொடுத்தார். ஆகஸ்டில் நாங்கள் சீட்டே எழுதவில்லை என்று ஆஸ்பத்திரி சொன்னதால், கடைக்காரர் பதிவேட்டில் பொய் எழுதியதாக ஆயிற்று. கடைக்குச் சீல் வைத்தீர்கள். நான் சீட்டு ஒன்று காட்டினேன் என்று கடைக்காரர் சொன்னது உண்மை. அந்தச் சீட்டு என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. இத்துடன் இணைத்திருக்கிறேன். எட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மூன்று தெரியும்.

அன்று நான் இங்கே வந்தபோது கடைக்காரரைச் சுவரோரம் உட்காரவைத்திருந்தார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. "பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகும் நான் தங்களிடம் பொய்தான் சொன்னேன்.

இப்போது மகளுக்கு மறுபடியும் டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறார்கள். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. கிருமி சிறுநீரகத்திலேயே குடியிருக்கிறது, இனி அதைக் காப்பாற்ற முடியாது, உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் வெள்ளிக்கிழமை அதை எடுத்துவிட வேண்டும் என்று முந்தாநாள் சொன்னார்கள். எடுத்தாலும் உறுதி சொல்லவில்லை. என்னிடம் கொடுக்க இன்னொன்று இல்லை. இருக்கிற ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். டாக்டரம்மா என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனேன். உதடு வெடித்திருந்தது. ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க குடுத்தத நான் பத்திரமா வச்சிக்கலப்பா. தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி, நானே கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றாள். மற்றக் கையால் பஞ்சை நனைத்து மறுபடியும் அவள் உதட்டைத் துடைத்தேன். நேரம் முடிந்தது என்று நர்ஸ் சொன்னதும் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காலை இங்கே வந்து தாள் கேட்டேன்.

ஐயா, எனக்கு எந்தத் தண்டனை ஆனாலும் சரி. கடைக்காரரை விட்டுவிடவும். மருமகனிடம் தாங்களே சொல்லலாம், எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் மகளுக்கு மட்டும் வேறு யாரும் சொல்லிவிட வேண்டாம். தான்தான் கெடுத்தோம் என்ற நினைப்போடு அவளை அந்த மேசைக்கு அனுப்பக் கூடாது. இன்று நான்கு மணிக்கு நானே சொல்லப் போகிறேன். வாய் எழவில்லை என்றால் படித்துக் காட்ட இதன் பிரதி ஒன்றும் எழுதி வைத்திருக்கிறேன். அவள் என்ன சொல்கிறாளோ, ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளோ, அதையும் வெள்ளிக்கிழமை நடப்பதையும் அடுத்த வாரம் எழுதிக் கொண்டுவந்து இந்த வழக்கோடு சேர்க்கிறேன்.

இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நான் எழுதியது, யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் மிரட்டவில்லை. இரண்டு முறை விரல் வைத்துப் படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை.

(கையொப்பம்)
2-9, பகல் மூன்று மணி பத்து நிமிடம்

என் முன்னிலையில் எழுதப்பட்டது. தேதி திருத்தப்பட்ட மருந்துச் சீட்டு ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது. நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி செல்லக் காவலர் துணையுடன் அனுமதிக்கப்பட்டது.
(நிலைய எழுத்தர்)