ஓடினா ஏறுது

– இன்னொரு விரலைக் கொடுங்க. இந்த விரல் பொய் சொல்லுதோ என்னமோ.

– மூணு விரலைக் குத்தியாச்சு. கோளாறு உன் மெஷின்லதான். பட்டறையில என் கடைசல் மெஷின் இப்படி அளவு மாறிக் காட்டினா அன்னிக்கே பிரிச்சுப் போட்டிருப்பேன்.

– கோளாறெல்லாம் இல்லைங்க. நேத்து சாப்பிட்டுட்டு என்கூடத் தெருவைச் சுத்தி வந்தீங்களே, இருநூறு நூத்தி அம்பதா இறங்கினதை இதே மெஷின்தானே காட்டிச்சு? அப்ப வாயெல்லாம் பல்லா நின்னீங்க.

– அதான்டி கணக்கு உதைக்குது. உன்கூட ஆடி அசைஞ்சு நடந்தா சர்க்கரை இறங்குது. காலைல வெறும் வயித்துல வேர்த்து விறுவிறுக்க நடந்துட்டு வந்தா ஏறுது. கிளம்பறப்போ நூத்தி நாப்பது, இப்ப நூத்தித் தொண்ணூறு. நடுவுல பச்சைத் தண்ணி பல்லுல படலை.

– டீக்கடைப் பக்கம்?

– உன்மேல சத்தியமா இல்லை.

– என்மேல எதுக்கு? உங்க மேலயே பண்ணுங்க.

– நடந்தா குறையும்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க? ஒண்ணும் புரியலை. நாளையிலேர்ந்து போர்த்திக்கிட்டுப் படுத்துக்கறேன். ஊசிதான்னா ஊசி.

– ஊசிக்குப் பயந்துதானே நடக்கவே ஆரம்பிச்சீங்க. இருங்க, டாக்டரம்மாகிட்ட நான் நேத்தே கேட்டேன்.

– என்னவாம்?

– நிதானமா நடந்தா சதை சர்க்கரையை எடுத்துக்குமாம். தலைதெறிக்க ஓடினாலோ, எதுக்காவது பதறினாலோ, என்னமோ ஆபத்துன்னு நினைச்சு ஈரல் தன்கிட்ட இருக்கறதைத் திறந்து விட்டுடுமாம். கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடுமாம். பயப்பட வேணாம்னாங்க. 'ஆனா காலங்காத்தால உங்க வீட்டுக்காரர் எதுக்குப் பதறறாரு?'ன்னு கேட்டாங்க.

– நான் எதுக்குப் பதறணும்?

– அதான் கேக்கறேன். பூங்காவுலதானே நடக்கறீங்க?

– ஆமா. பூங்காதான்.

– பூங்காவைப் பூட்டி ரெண்டு வாரமாச்சு. சுவர் எழுப்பறாங்க.

– அப்படியா.

– அப்படித்தான். அப்ப எங்கேதான் போறீங்க?

– மேட்டுத்தெருவுக்குப் போறேன்.

– அங்க யாரு இருக்கா உங்களுக்கு?

– தெரியாத மாதிரி கேக்காதே. உன் பொண்ணு வீடு அங்கதானே.

– என் பொண்ணா? அவ விரும்பினவனைக் கட்டிக்கிட்டப்போ, எனக்குப் பொண்ணே பிறக்கலைன்னு சொன்ன மனுஷன் நீங்க.

– சொன்னேன். இல்லேங்கல. இப்ப எதிர்ல கரண்டுக் கம்பத்துக்குப் பின்னாடி போய் நிக்கறேன். குழந்தையைத் தூக்கிட்டு மாடியில வெயில் காட்டுவா. பார்ப்பேன். அவ கீழே வந்து கதவைத் திறக்கற சத்தம் கேட்டா போதும், நெஞ்சு அடிச்சுக்கும். திரும்பிப் பார்க்காம ஓடி வந்துடுவேன்.

– உள்ளே போனா யாரு வேணாம்னா?

– எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது? எனக்கே விளங்கலை. போகணும்னுதான் கிளம்பறேன், கால் தானா திரும்பிக்குது. நீ பாட்டுக்கு அவகிட்ட உளறிடாதே. நான் வந்து நிக்கறது அவளுக்குத் தெரியவே வேணாம்.

– நான் என்னத்தை உளறறது? அவதான் தினமும் எனக்கு போன் பண்றா, 'கதவைத் திறந்து கூப்பிடறதுக்குள்ள அப்பா ஓடிட்டாரும்மா, சரிவுல விழுந்துடப் போறாரு, நான் குழந்தையைத் தூக்கிட்டு அங்கேயே வந்துடட்டுமா, நீயே கேட்டுச் சொல்லு'ன்னு.