அலசாத கம்பிகள்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் எங்கள் ஆய்வகத்தில் எதுவும் சீக்கிரம் காயாது. அதனால் கம்பிகளைக் கழுவிக் காயவைக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மெல்லிய பிளாட்டினம் கம்பிகள். வளர்ப்புத் தட்டில் துடிக்கும் இதய செல்களுக்குள் அவற்றை இறக்கினால், துடிப்பு கணினித் திரையில் கோடாக ஓடும். பிறகு கம்பிகளைக் கிருமிநாசினியில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் நன்றாக அலசி, சூட்டடுப்பில் உலர்த்த வேண்டும்.

அந்தச் செல்கள் சங்கரேஸ்வரியுடையவை. என்னோடு வேலை பார்த்த காளீஸ்வரியின் தங்கை. ஆய்க்குடியில் இருந்தாள். நின்றுகொண்டிருக்கும்போதே இதயம் தாளம் தப்பி விழுந்துவிடுவாள். அவள் தோலில் எடுத்த செல்லை இதய செல்லாக மாற்றி, அதில் ஒரு மருந்தைச் சோதித்தோம். எங்கள் முடிவுக்காக அவளுடைய டாக்டர் காத்திருந்தார்.

மருந்து வேலை செய்தது. துடிப்பு சீரானதை முதலில் பார்த்தது நான்தான். காளீஸ்வரி அன்று விடுப்பு. முடிவு நன்றாக வந்தால் பெங்களூரில் அவளுக்கு வேலை தயார். தங்கையையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். மதியம் நாங்கள் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம்.

அந்தப் பதிவை அழித்துவிட்டேன். மறுநாளிலிருந்து, மருந்திட்ட தட்டுகளுக்கான கம்பிகளை மட்டும் அலசாமல் உலர்த்தினேன். காய்ந்த கிருமிநாசினி கண்ணுக்குத் தெரியாது. கம்பி இறங்கியதும் துடிப்பு தடுமாறி நின்றுவிடும். கிருமித்தொற்றா என்று சோதித்தார்கள். ஒரு கிருமிகூட இல்லை. என் வேலை அவ்வளவு சுத்தம்.

"மருந்து போட்டது மட்டும் நின்னு போவுதுக்கா," என்றாள் காளீஸ்வரி. "டாக்டர் கேக்காவ. இன்னொரு தடவ பாப்பமா?"

"எத்தன தடவ பாத்தாலும் இதான் வருது. அடுத்து ஒன் தங்கச்சி நெஞ்சுலயா போட்டுப் பாக்கப் போற? வேண்டாம்னு சொல்லிருட்டி."

அவளே டாக்டரிடம் சொன்னாள். அவள் வாயால் சொல்வதுதான் முறை என்று நினைத்தேன்.

சங்கரேஸ்வரி துணி காயப்போடும்போது விழுந்தாள். எழவில்லை. நான் காளீஸ்வரியைக் குத்துக்கல்வலசையில் உள்ள என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். சாப்பிட மறுத்தாள், ஊட்டிவிட்டேன். நன்றாகத்தான் இருந்தோம்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். கம்பிகளை அவளே அலசி, தங்கையின் மிச்சமிருந்த செல்களில் மருந்தைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். செல்கள் துடித்தன. வீட்டுக்கு வந்து என் கட்டிலருகே நின்றாள்.

"ஏன்க்கா?"

கஞ்சி குடித்துவிட்டுப் பேசலாம் என்றேன். குடிக்காமல் நேரே காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மருந்து பலிக்கும் என்று தெரிந்தேதான் செய்தேன். தங்கை செத்துப்போவாள் என்பதும் தெரியும். காளீஸ்வரி வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றால் உள்ளே வரச் சொல்லுங்கள். கோபம் ஆறிவிடும். அவளுக்கு இப்போது என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?