மேல் எகிப்தின் அரசன்

ஓடுகிறோம். ஆற்றை நோக்கி இறங்கி ஓடுகிறோம். பின்னால் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரையில் கற்கள் விழுகின்றன. முதலில் ஒன்று. பிறகு மழை. என் தலையில் இன்னும் செந்நிற அட்டைக் கிரீடம்.

போர் இலங்கையின் வடக்கில் நடந்துகொண்டிருந்தது. அன்று காலை இரத்தோட்டைப் பாதை வழியே அது எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் வந்தது. இரண்டு லொறிகள். தமிழரைத் தேடி வந்த கும்பல். தடிகள். பெற்றோல் நெடி.

நாங்கள் நாடக ஒத்திகையில் இருந்தோம். பிளவுண்ட எகிப்து. தெற்கே மேல் எகிப்து, வெண்முடி. வடக்கே கீழ் எகிப்து, செம்முடி. ஒரு நாட்டில் இரு அரச மரபுகள். எங்கள் தோட்டமும் இரண்டு பிரிவு: மலையில் மேற்கணக்கு, ஆற்றோரம் கீழ்க்கணக்கு. ஆசிரியர் அப்படியே பிரித்தார். மேற்கணக்குச் செல்வம் வெண்முடி அரசன். கீழ்க்கணக்கைச் சேர்ந்த நான் செம்முடி அரசன். வரலாற்றில் வென்றது தெற்கு. இறுதிக் காட்சியில் நான் அவன்முன் மண்டியிட வேண்டும்.

"என்னா ராசா, இன்னைக்காச்சும் ஒழுங்கா முட்டி போடுவியா?" என்றான் செல்வம். எல்லோரும் சிரித்தார்கள். அவன் குரல் எனக்கு வாய்க்கவில்லை. அவன் உயரமும் இல்லை. என் முடியின் சாயம் வியர்வையில் கரைந்து நெற்றியில் வழிந்தது. அவனுடையது வெள்ளையாகவே இருந்தது. அந்த வெண்மையை நான் வெறுத்தேன்.

கண்ணாடி உடைகிறது. ஆசிரியர் கதவருகே நின்று கத்துகிறார்.

"மேல! மேல ஓடுங்க!"

மலைக்கு ஓடச் சொன்னார். ஒத்திகையில் "மேல!" என்றால் வெண்முடிப் படை மட்டுமே நகரும். "கீழ!" என்றால் நாங்கள். செவிகள் பழகியிருந்தன. அவர்கள் ஏறினார்கள். நாங்கள் எங்கள் சொல்லுக்காக நின்றோம். அது வரவில்லை. வீடுகளை நோக்கி இறங்கினோம். லொறிகள் அங்கேதான் நின்றன.

"டேய்! எல்லாருக்குந்தான்டா சொன்னாரு! ஏறுங்கடா!"

செல்வம். திரும்பி வந்திருந்தான். என் கையைப் பற்றித் தேயிலைக்குள் தள்ளினான். நான் ஏறினேன். மற்றவர்களை அழைக்க அவன் இறங்கினான். தேயிலைக்கு மேலே வெண்முடி தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

ஆண்டுதோறும் கோயிலில் அன்று இறந்தவர்களை நினைக்கையில் அவன் பெயரையே முதலில் சொல்கிறார்கள். எனக்கு இன்றும் பொறாமை. அன்று, முடிக்காக. இன்று, இறங்கிய அந்தக் கால்களுக்காக.

இழந்தவை: பள்ளிக்கூடத்தின் கூரை. அதன் சுவரில் தொங்கிய எகிப்து வரைபடம். கீழ்க்கணக்கில் தொழிலாளர் குடியிருந்த இரண்டு லயங்கள். கீழ் எகிப்தின் படையில் எழுவர் இருந்தோம். மூவர் இல்லை: சின்னையா, மணி, பரமேஸ்வரி.

மேல் எகிப்து இழந்தது ஒருவனை. அதன் அரசனை.