கட்டார் வரைக்கும் வந்த தண்ணீர்

ஹட்டனில் இருந்து லிந்துலை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவர் சொன்னதைக் கேட்டதும் என் தூக்கம் கலைந்துவிட்டது.

"எங்க தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தண்ணி வந்துருச்சாம் அக்கா. கட்டார்ல இருந்து மகன் சொல்றான்."

"ஒங்க லயத்துக்கு வந்தது ஒனக்குத் தெரியாதா?"

"பிரதேச சபை மெம்பர் போன வாரம் வந்து குழாயத் தொறந்தாருல்ல, அந்த வீடியோவ பேஸ்புக்ல பாத்துருக்கான். பக்கத்துல ஆலாத்தித் தட்டோட நிக்கிறது நான்தான்."

"அப்ப தண்ணி வந்துச்சுதான?"

"வந்துச்சு. பவுசர்ல கொண்டாந்து டேங்க்ல ஊத்துனாங்க. அவங்க போன அன்னிக்கே முடிஞ்சுருச்சு."

"அத அவன்கிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். இன்னும் மலையடி ஊத்துப் பீலிக்குத்தான் கொடம் தூக்கிட்டுப் போறேன்னேன். 'ஏம்மா பொய் சொல்றீங்க, நான் எல்லாருக்கும் ஷேர் பண்ணிட்டேனே'ங்கிறான்."

மூத்தவர் போனை வாங்கி அந்த வீடியோவை இரண்டு தடவை பார்த்தார்.

"நல்லாத்தான வருது," என்றார்.

"அதான் அக்கா எனக்கும் ஒண்ணும் வெளங்கல. இன்னிக்குக் காலையில பீலிக்குப் போறதுக்கு முன்னாடி, நானும் ஒரு தடவ குழாயத் தொறந்து பாத்தேன்."